வண்ணார்பண்ணையும் அதன் வரலாற்றுச் சின்னங்களும்

யாழ்ப்பாணக் கோட்டையை அடுத்துள்ள நகரப் பகுதியினின்று காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சிறிது தூரத்திலேயே வண்ணார்பண்ணை என்னுங் குறிச்சியை அடைவர். சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் நாச்சிமார் கோயிலும், நாவலர் தாபித்த சைவப்பிரகாச வித்தியாசாலையும், வைத்தீசுவர வித்தியாலயமும், இந்துக் கல்லூரியும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லத்தக்க அணிமையில் அங்கே அமைந்தன. இவற்றைத் தனித்தனியே நோக்குவோர்க்கு இவை ஒரு நகரத்தில் இயல்பாகக் காணப்படுங் கட்டடங்களாகவே தோன்றும். ஆயின் இவை தோன்றிய முறையை ஆராய்வோர், கோயிலிலிருந்து பிரசங்கமும், பிரசங்கத்திலிருந்து பள்ளியும், பள்ளியின் தேவையிலிருந்து அச்சுக்கூடமும், அவையனைத்தின் பயனாகச் சபையுங் கல்லூரியும் பிறந்தமையைக் காண்பர். அத்தொடர்ச்சியே வண்ணார்பண்ணையின் வரலாறு எனலாம்.

பெயரும் இடமும்

வண்ணார்பண்ணை என்னும் பெயரின் முற்பகுதி ஆடை வெளுக்குந் தொழிலாளரைக் குறிப்பது. பிற்பகுதி வயல், தோட்டம் எனப் பொருள்படுவது. புலவர்கள் இப்பெயரை ‘வண்ணை’ எனச் சுருக்கி வழங்குவர். சுற்றுப்புறத்து இடப்பெயர்களும் தொழிலை ஒட்டியனவே. பொற்கொல்லராகிய தட்டாரை நினைவூட்டுவது தட்டாதெருச் சந்தி. கன்னாரை நினைவூட்டுவது கன்னாதிட்டி. ஆகவே அறிஞராற் புகழ்பெறுமுன்னரே இப்பகுதி கைவினைஞரின் இருப்பிடமாய் விளங்கியதென்பதை இப்பெயர்களே உணர்த்துகின்றன.

தமிழரசர் காலத்தில் தலைநகராய் விளங்கியது நல்லூர். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசர் வசமாயிற்று. அவர்கள் ஆட்சிபீடத்தை நல்லூரினின்று கடலோரத்துக்கு மாற்றி, அங்கே கோட்டை அமைத்தனர். 1658இல் அக்கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை ஐங்கோண வடிவிற் புதுக்கினர். கோட்டைக்கு அருகில் ஆள்வோரும் அவர் வழிவந்தோரும் வசித்த பறங்கித்தெரு முதலிய பகுதிகள் வளர்ந்தன. வண்ணார்பண்ணையோ அப்பகுதிக்கு வெளியே, ஆனால் அதற்கு அண்மையில், வடதுறைமுகத்தை நோக்கிய வழியிற் கிடந்தது. நகரச் சந்தையால் வரும் பயனைப் பெறுதற்கு ஏற்ற அணிமையும், கோட்டையின் நேர்ப்பார்வைக்கு அகப்படாத சேய்மையும் அதற்கு ஒருங்கே வாய்த்தன. வணிகச் செட்டிமார் ஈண்டுக் குடியேறிச் செல்வம் பெருக்கியமைக்கு இவ்வமைப்புப் பெரிதுந் துணைசெய்தது.

கோயில்

பறங்கியர் ஆட்சியிற் சைவாலயங்கள் இடிக்கப்பட்டன. ஒல்லாந்தர் காலத்திலும் வெளிப்படையான சைவ வழிபாடு தடுக்கப்பட்டது. ஞானஸ்நானமும் விவாகப் பதிவும் அவர்தந் திருச்சபை வழியாகவே நடைபெற வேண்டியிருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. அத்தளர்ச்சியைப் பயன்படுத்தி, ஒல்லாந்தர் ஆட்சி 1795இல் முடிவெய்துவதற்கு முன்னரே, வைத்திலிங்கச் செட்டியார் வண்ணார்பண்ணையிற் சிவன் கோயிலை எடுப்பித்தார். சோழநாட்டுப் புள்ளிருக்குவேளூரின் மூர்த்தியையும் அம்பிகையையும் நினைந்து, வைத்தீசுவரர் எனவுந் தையல்நாயகி எனவுந் திருநாமங்கள் வழங்கப்பெற்றன. நெடுங்காலம் மறைவில் வழிபட்ட மக்களுக்குப் பெருவீதியோரத்தில் எழுந்த அவ்வாலயம் எத்துணை ஆறுதலாய் இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

செட்டியார் குடும்பம் வாணிபத்தோடு கல்வியையும் பேணியது. வைத்திலிங்கச் செட்டியாரின் தந்தையார் கோபாலச் செட்டியாரின் ஆதரவிலேயே, தமிழகத்தினின்று வந்த கூழங்கைத் தம்பிரான் வண்ணையில் தங்கிப் பாடஞ் சொன்னார். நன்னூலுக்கு உரைகண்ட அப்பெரியார், கிறித்தவப் போதகராகிய பிலிப்பு தெ மெல்லோவுடன் நட்புப் பூண்டிருந்தார் என்பதும் அறியற்பாலது. சமய வேறுபாடு மிக்க அக்காலத்திலும் தமிழ்க் கல்வி இருசாராரையும் ஓரிடத்திற் கூட்டவல்லதாய் இருந்தது.

பிரசங்கமும் பள்ளியும்

பிரித்தானியர் ஆட்சியில் உவெசுலிய மிசனரிமார் 1814இலும் அமெரிக்க மிசனரிமார் 1816இலும் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். ஊர்தோறும் அவர்கள் பள்ளிகளைத் திறந்தனர். அமெரிக்க மிசன் 1834இல் மானிப்பாயில் அச்சுக்கூடம் நிறுவி நூல்களையுந் துண்டுப் பிரசுரங்களையும் வெளியிட்டது. 1841இல் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகையுந் தோன்றியது. சைவர்பால் அப்பொழுது இருந்தவை திண்ணைப் பள்ளிகளும் பனையோலை ஏடுகளுமே.

நல்லூரில் 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுகநாவலர், யாழ்ப்பாண நகரில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் நடத்திய ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியிலும் அவருக்குத் துணைபுரிந்தார். வாரந்தோறும் ஓரிடத்திற் கூடி, எளிய வசனநடையில் சமயப்பொருளை விளக்கும் முறையின் ஆற்றலை அவர் அங்கே நேரிற் கண்டார். சைவாலயங்களில் அதுகாறும் வழங்கியது புராணபடனம். ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் மரபு அது. நாவலரோ 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப்பிரசங்கத்தைத் தொடக்கினார். வெள்ளிக்கிழமைதோறும் நடைபெற்ற அப்பிரசங்கங்கள் கற்றோர்க்கேயன்றிக் கல்லாதார்க்கும் விளங்கத்தக்க வசனநடையில் அமைந்தன. தமிழ் உரைநடை வளர்ச்சியில் அக்கோயில் மண்டபத்துக்கு இடமுண்டு என்பது இதனாற் பெறப்படும்.

கேட்போர் பெருகினும், கேட்டலால் மட்டும் ஒரு சமூகம் நிலைபெறாது என்பதை நாவலர் உணர்ந்தார். அடுத்த ஆண்டாகிய 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தாபிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியிற் பெற்ற உத்தியோகத்தையுந் துறந்தார். வேதனம் பெற்ற பணியை விட்டு, வருவாய்க்கு வழியில்லாத பள்ளியை நம்பியமை எளிய செயலன்று. அரசாங்க நன்கொடை அவ்வித்தியாசாலைக்குக் கிட்டியது 1870ஆம் ஆண்டளவிலேயாம். இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாக அன்பர்களின் உதவியே அதனைத் தாங்கியது.

அச்சுக்கூடம்

பள்ளி திறந்தவுடன் எழுந்த இடர் பாடநூல் இல்லாமையே. ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் பெயர்த்தெழுதி நூற்றுக்கணக்கான சிறுவர்க்கு வழங்குதல் இயலாது. எனவே 1849இல் நாவலர் தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகஞ் சென்றார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தில் ‘நாவலர்’ என்னும் பட்டத்தைப் பெற்றார். சென்னையில் அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார்.

பாலபாடங்கள் 1850ஆம், 1851ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பெரியபுராணத்தின் வசன நூல் 1852இல் வெளியாயிற்று. சிறுவன் ஒருவன் முதற்பாடந் தொடங்கிப் படிப்படியாய் உயர்ந்து இலக்கியம் இலக்கணம் வரை செல்லுதற்கான நூல்வரிசை இவ்வாறு உருப்பெற்றது. ஏடு பெயர்த்தெழுதுவோரின் பிழைகள் பெருகிய நிலைமாறி, பல சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்திய ஒரே பாடம் ஈழத்துக்குந் தமிழகத்துக்கும் பொதுவாய்ப் பரவியது. ஒரு குறிச்சியின் பள்ளித் தேவைக்காக எழுந்த அச்சுக்கூடம், தமிழ்ப் பதிப்புலகுக்கே வழிகாட்டியாயிற்று.

சபையுங் கல்லூரியும்

தமிழ்க்கல்விக்கு அடிகோலிய நாவலர் ஆங்கிலக் கல்வியின் தேவையையும் புறக்கணித்தாரல்லர். அரசாங்க உத்தியோகத்தை விரும்பிய சைவப் பிள்ளைகள் மிசன் பள்ளிகளையே நாடவேண்டியிருந்த நிலையை மாற்றக் கருதி, 1872இல் வண்ணார்பண்ணையிற் சைவ ஆங்கில வித்தியாசாலை ஒன்றைத் திறந்தார். பொருள் முட்டுப்பாட்டால் அது ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் மூடப்பட்டது. 1879இல் நாவலர் மறைந்தபொழுது அவரெண்ணம் நிறைவேறாமலே நின்றது.

இத்தோல்வி ஒரு பாடத்தைக் கற்பித்தது. தனியொருவரின் உழைப்பு தமிழ்ப் பள்ளியொன்றைத் தாங்கலாம். ஆங்கிலக் கல்லூரியைத் தாங்குதற்குப் பலர் கூடிய தாபனம் வேண்டும். 1888இற் சைவபரிபாலன சபை தோன்றியது. மறு ஆண்டே அச்சபை தமிழில் ‘இந்துசாதனம்’ என்னும் பத்திரிகையையும் ஆங்கிலத்தில் ‘இந்து ஓகன்’ என்னும் பத்திரிகையையும் தொடக்கியது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1886இல் நகரில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பின்னர் வண்ணார்பண்ணைக்கு மாற்றப்பட்டு, 1890இற் சபையின் பொறுப்பில் இந்து உயர்தரப் பாடசாலையாயிற்று. அதுவே வளர்ந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எனப் பெயர்பெற்றது. மேனாட்டுப் பயணம் முடித்து 1897இல் திரும்பிய சுவாமி விவேகானந்தர் இக்கல்லூரியில் வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அரை நூற்றாண்டுக்கு முன் கோயில் மண்டபத்திலே தொடங்கிய பிரசங்க மரபு கல்லூரி மண்டபத்தை எய்தியமைக்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்றாம்.

1917இல் வைத்தீசுவர வித்தியாலயம் இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்தது. கோயிலின் திருநாமத்தையே பள்ளியும் ஏற்றமை நோக்கற்பாலது. 1943இல் இந்து மகளிர் கல்லூரி தோன்றியதனால், ஆண் பிள்ளைகளுக்கென முதலில் எழுந்த கல்வி முயற்சி பெண் பிள்ளைகளையுந் தழுவியது.

வாயிலுக்கு வெளியே நின்றோர்

இவ்வளவு பெருமை கூறியபின் மறைத்தற்கியலாத உண்மையொன்று உண்டு. கோயிலின் உள்வீதியும் பள்ளியின் வாங்கும் நெடுங்காலம் எல்லார்க்கும் உரியனவாய் இருக்கவில்லை. நாவலர் சாதியாசாரத்தை மறுத்தவரல்லர். அவர் காலத்துச் சைவ முயற்சிகள் அவ்வரம்புக்குள்ளேயே நிகழ்ந்தன. மதமாற்றத்துக்கு அஞ்சிக் கல்வியைப் பரப்ப முனைந்த சமூகம், தன்னகத்தே ஒரு பகுதியினரைக் கல்விக்குப் புறம்பே நிறுத்தியது. எந்தத் தொழிலாளரின் பெயரை அக்குறிச்சி தாங்கியதோ, அத்தொழிலாளரும் அவரொத்த பிறரும் அவ்வாயில்களைக் கடத்தற்குப் பல தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது.

மாற்றமுங் கல்வியின் வழியாகவே வந்தது. 1924இல் உருவாகி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய இயக்கத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் முன்னின்றனர். பள்ளிகளிற் சமாசனமும் சமபோசனமும் வேண்டுமென அவர்கள் வாதாடினர். 1927இல் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் தீண்டாமையை ஒழிக்குமாறு வற்புறுத்தினார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயில், பள்ளி முதலிய பொதுவிடங்களிற் சாதி காரணமாகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் பிறந்த பின்னருங் கோயில் வாயில்களிற் போராட்டம் நிகழவேண்டியிருந்தது என்பதை 1968ஆம் ஆண்டின் மாவிட்டபுர நிகழ்ச்சிகள் காட்டின. ‘வண்ணை’ என்னுஞ் சுருக்கப் பெயர் செய்யுளுக்கு இனிமை தருவது மெய்யே. ஆயின் அச்சுருக்கத்தில் மறைந்து போவது அந்நிலத்தின் முதற் குடிகளின் பெயர் என்பதையும் மறத்தலாகாது.

பிற்காலம்

1960ஆம் ஆண்டிற் பிறந்த சட்டத்தினாலும் அதனைத் தொடர்ந்த ஏற்பாடுகளினாலும் சமயத் தாபனங்களின் பள்ளிகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்கு மாறின. சபைகள் முகாமைப் பொறுப்பை இழந்தன. பிள்ளைகள் முன்னினும் பெருந்தொகையாய்ச் சேர்ந்தனர். பின்னர் வந்த போர்க்காலம் இக்குறிச்சியைக் கடுமையாகத் தாக்கியது. 1990ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியில், அயலிலுள்ள சோனகதெரு முஸ்லிம் மக்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒற்றோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்களே ஓரிரவில் வீடுவாசல்களைத் துறந்து தென்மராட்சி நோக்கிச் செல்ல நேர்ந்தது. அயலார் வெளியேற்றப்பட்டபோது வாளாவிருந்த ஊர், ஐந்தாண்டுக்குள் தானும் அத்துயரை அறிந்தது. 1996ஆம் ஆண்டிலிருந்து மக்கள் மீண்டனர். கோயில் மணியும் பள்ளி மணியும் மறுபடி ஒலித்தன. வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் மீளுதற்கு நெடுங்காலஞ் சென்றது.

வண்ணார்பண்ணையின் சின்னங்களைக் காணச் செல்லும் மாணவர் கட்டடங்களின் வயதை மட்டுங் கணக்கிடுதல் போதாது. ஒவ்வொரு தாபனமும் தனக்கு முன்னதன் குறையை நிரப்ப எழுந்தது. ஏடு போதாமையால் அச்சு வந்தது. ஒருவர் உழைப்புப் போதாமையாற் சபை வந்தது. ஆண் கல்வி போதாமையால் மகளிர் கல்லூரி வந்தது. வாயில்கள் போதிய அளவு திறவாமையாற் சமத்துவ இயக்கம் வந்தது. இன்னும் நிரம்பாத குறை யாது என ஆராய்ந்து அதனை நிரப்ப முனைவதே அக்குறிச்சியின் வழிவந்த கல்விக்கூடங்களுக்கு உரிய கடனாம்.