வண்டியும் போனும் போலீஸ் கையில்... இப்போது அது யாருடைய பொருள்?

‘பைக் பறிமுதல்’, ‘செல்போன் பறிமுதல்’. செய்திகளில் தினமும் வரும் இந்த வார்த்தைதான் பலரைக் குழப்புகிறது. போலீஸ் எடுத்தாச்சு, இனி அவ்வளவுதான் என்று நினைக்க வைத்துவிடுகிறது. சட்டத்தில் இவை இரண்டு தனித்தனி விஷயங்கள். விசாரணைக்காக ஒரு பொருளை எடுத்து வைப்பது கைப்பற்றுதல். இதைப் போலீஸ் செய்யலாம். உரிமையையே நீக்கி அரசிடம் ஒப்படைப்பதுதான் பறிமுதல். வழக்கமான குற்ற வழக்குகளில் அதற்கு நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். (மதுவிலக்கு, போதைப்பொருள், வனச் சட்டங்களுக்குத் தனி நடைமுறை உண்டு.)

ஆக, ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலில் நிற்கும் பைக் இன்னமும் அதன் உரிமையாளருடையதுதான்.

சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ல் வந்த 44-வது அரசியல் சட்டத் திருத்தம் அதை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்தது. ஆனால் 300ஏ பிரிவு இருக்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. அதனால் “எந்தப் பிரிவுல எடுக்குறீங்க சார்?” என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது.

பெரும்பாலும் வரும் பதில், பிஎன்எஸ்எஸ் 106. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு இது. திருட்டுப் பொருள் என்றோ, குற்றத்தோடு தொடர்புடையது என்றோ சந்தேகம் இருந்தால் கைப்பற்றலாம். ஆனால் உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும், அதில் மகஜர் எழுதி சாட்சிகள் கையெழுத்துப் போடுவதும் பதிவாக வேண்டும் என்கிறது 105-வது பிரிவு. வீட்டில் சோதனை நடந்தால், எடுத்த பொருட்களின் பட்டியல் நகல் அங்கே இருப்பவருக்குக் கிடைக்க வேண்டும். வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாமல் இருப்பதே நல்லது.

வண்டியை எப்படி மீட்பது?

“கேஸ் முடியட்டும், வந்து வாங்கிக்கோங்க” என்பது ஸ்டேஷனில் சொல்லும் வழக்கமான பதில். கேஸ் முடியும்போது வண்டியில் துருதான் மிஞ்சும். இதைத்தான் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்த வழக்கின் பின்னணி இன்னும் சுவாரஸ்யம்: குஜராத்தில் காவல் நிலையப் பாதுகாப்பில் இருந்த பொருட்களை எடுத்துவிட்டு போலிகளை வைத்ததாகப் போலீஸார் மீதே புகார்! கைப்பற்றிய பொருட்களைப் படம் எடுத்து, மகஜர் தயாரித்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கலாம். 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்றது தீர்ப்பு. பிஎன்எஸ்எஸ் 497-வது பிரிவும் இதே வழியில் போகிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், அடுத்த 30 நாளில் அதை என்ன செய்வது என்ற உத்தரவு.

ஆனால் இது தானாக நடந்துவிடாது. ஆர்சி புத்தகம், இன்ஷூரன்ஸோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட வேண்டும். எஸ்.ஐ.யிடம் நடையாய் நடப்பதைவிட இதுவே நேர்வழி. திரும்பக் கிடைத்தாலும் வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகள் வரும்.

போன்தான் சிக்கல்

வண்டியைப் படம் எடுத்தால் ஆதாரம் ஆச்சு. போனுக்குள் வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், ஆபீஸ் மெயில் எல்லாம் இருக்கின்றன. பாஸ்வேர்டு கேட்டால் சொல்லியே ஆக வேண்டுமா? குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3). பாஸ்வேர்டு அதில் அடங்காது என்று 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. 2022-ல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் அதற்கு மாறாகச் சொன்னது. 2017-ல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த உச்ச நீதிமன்றம், மின்னணுக் கருவிகளைக் கைப்பற்ற வழிகாட்டு நெறிமுறைகள் தேவை என்று 2023 நவம்பரில் மத்திய அரசிடம் வலியுறுத்தியது.

வீடு, நிலத்தை இப்படி எடுக்க முடியாது. 106-க்கு முன்பிருந்த 102-வது பிரிவு அசையாச் சொத்துக்குப் பொருந்தாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்கை முடக்கலாம். ஆனால் யாரோ ஒருவர் யுபிஐ-யில் மோசடிப் பணம் அனுப்பினார் என்பதற்காக மொத்தக் கணக்கையும் பூட்டாமல், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம் (2023). கணக்கு முடங்கியிருந்தால், எந்த ஊர் காவல் நிலையம், எந்த வழக்கு எண், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மனு போட முதலில் தேவைப்படுவது அந்த விவரம்தான்.