சதுரங்கப்பட்டினத்து டச்சுப் படைவீரர்களின் குடும்ப வரலாறு: கல்லறையும் பேரேடும் திருச்சபைப் பதிவும்

ஆய்வுச்சுருக்கம்

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே அமைந்துள்ள சதுரங்கப்பட்டினம், டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் வணிகத்தளமாகவும் கோட்டையாகவும் விளங்கியது. அங்குப் பணியாற்றிக் குடியேறிய படைவீரர்களின் குடும்ப வரலாற்றை அறிய உதவும் சான்றுகளை இக்கட்டுரை விளக்குகிறது. அச்சான்றுகள் ஐரோப்பிய ஆணின் பெயரைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவனை மணந்த கடற்கரைப் பெண்ணின் பிறப்புவழியை மறைக்கின்றன. ஆகவே தந்தையின் குடும்பப்பெயரை மட்டும் பின்தொடரும் முறை இங்குப் போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சதுரங்கப்பட்டினம், டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம், சம்பளப் பேரேடு, குடிவழி ஆய்வு, சோழமண்டலக் கடற்கரை

முன்னுரை

ஐரோப்பியர் 'சத்ராஸ்' என வழங்கிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வணிகத்தளம் அமைத்தனர். நுண்ணிய பருத்தித் துணி இங்கிருந்து ஏற்றுமதியானது. 1781இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். பின்னர் மீட்கப்பட்டு, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, 1818இல் டச்சுக்காரரிடம் திரும்பிய இவ்வூர், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் நிலையாக ஆங்கிலேயரைச் சேர்ந்தது. ஒவ்வொரு கைமாற்றமும் அங்கு வாழ்ந்த குடும்பங்களைச் சிதறடித்தது. அவர்களைப் பற்றிய ஆவணங்களும் பல நகரங்களுக்குப் பிரிந்தன.

கல்லறைகள் காட்டுவன

சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் உள்ள டச்சுக் கல்லறைகள் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. குடும்ப இலச்சினைகளும் டச்சு எழுத்துகளும் நுட்பமாகச் செதுக்கப்பட்ட இக்கற்களை அலெக்சாண்டர் ரீ 1897இல் வெளியிட்ட நூலும், ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட கல்லறைப் பொறிப்புத் தொகுப்பும் ஆய்வாளர்க்கு அறிமுகப்படுத்தின.

கல்லறைப் பொறிப்பு இறந்தவரின் பெயர், பதவி, நாள் ஆகியவற்றைத் தருகிறது. ஆனால் பொறிப்புடைய கல்லை எழுப்பப் பொருள்வளம் வேண்டும். எனவே கற்கள் பெரும்பாலும் வணிக அதிகாரிகளையும் அவர்தம் குடும்பத்தினரையுமே நினைவுகூர்கின்றன. மாதம் சுமார் 9 கில்டர் ஊதியம் பெற்ற சாதாரணப் படைவீரனைக் கல்லில் தேடுவதால் பயன் குறைவு. அவனைக் கணக்கேட்டில் தேட வேண்டும்.

சம்பளப் பேரேடு

நெதர்லாந்திலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு கப்பலுக்கும் நிறுவனம் ஒரு சம்பளப் பேரேட்டை எழுதியது. கப்பலில் சென்ற ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு உண்டு. பற்றும் வரவும் எதிரெதிரே பதியப்பட்டன. பெயர், சொந்த ஊர், பணி, புறப்பட்ட நாள், பணி முடிந்த நாள், முடிந்த காரணம் ஆகியவை அதில் உள்ளன. 18ஆம் நூற்றாண்டைப் பெரும்பாலும் தழுவும் இப்பேரேடுகள் தி ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இணையத்தில் தேடும் வகையில் தொகுக்கப்பட்டுள்ளன.

குடிவழி ஆய்வாளர் கருத வேண்டிய இரு குறிப்புகள் இப்பேரேட்டில் உள்ளன. ஒன்று கடன் பத்திரம். படைவீரன் புறப்படுமுன் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பட்ட கடனுக்காக எழுதிக்கொடுத்த இப்பத்திரத்தின் மதிப்பு பெரும்பாலும் 150 கில்டர்; அதாவது ஏறத்தாழ பதினேழு மாத ஊதியம். மற்றொன்று மாதக் கடிதம். ஆண்டுக்கு மூன்று மாத ஊதியம் வரை மனைவிக்கோ மக்களுக்கோ பெற்றோர்க்கோ ஊரில் வழங்க அது வழிசெய்தது. பணம் பெற உரியவர் யார் என்பதைக் குறிப்பதால், ஐரோப்பாவில் விட்டுவந்த உறவுகளை அறிய இதுவே சிறந்த வாயில்.

பெயர்களைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. படைவீரருள் பலர் ஜெர்மானிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். டச்சு எழுத்தர் தாம் கேட்ட ஒலியைத் தம் மொழி வழக்கில் எழுதினார். 'ஷ்மிட்' என்னும் பெயர் 'ஸ்மிட்' ஆகலாம். எனவே பெயர், ஊர், கப்பல், ஆண்டு ஆகிய நான்கும் ஒத்துவரும்போதே இரு ஆவணங்கள் ஒருவரையே குறிக்கின்றன எனக் கொள்வது தகும்.

கணக்கு முடியுமிடம்

1602 முதல் 1795 வரை இந்நிறுவனத்தின் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டோர் ஏறத்தாழ 9,73,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. பலர் நோயால் மாண்டனர். சிலர் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் கரையிலேயே தங்கினர். அவ்வாறு தங்கியவர் நிறுவனப் பணியை விட்டதும் அவருடைய கணக்கு மூடப்பட்டது. படைவீரனின் பதிவு முடியும் இடத்தில்தான் குடியேறியவனின் குடும்பம் தொடங்குகிறது.

அக்குடும்பத்தில் பிறந்த மகன் நிறுவனப் பணியில் சேர்ந்தாலும் கப்பல் பேரேட்டில் இடம்பெறான். அவன் நெதர்லாந்திலிருந்து கப்பலேறியவன் அல்லன். வணிகத்தளங்கள்தோறும் ஆண்டுக்கொருமுறை எழுதப்பட்ட பணியாளர் பட்டியலிலேயே அவனைத் தேட வேண்டும்.

வட அமெரிக்காவுடன் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். இன்றைய நியூயார்க் பகுதியில் டச்சு மேற்கிந்திய நிறுவனத்தின் கீழ்க் குடியேறியோர் நிலவுரிமை பெற்றனர். 1664இல் ஆங்கிலேயர் அப்பகுதியைக் கைப்பற்றியபோதும் அவர்தம் உடைமைகள் காக்கப்பட்டன. 1639 முதல் அங்குள்ள டச்சுத் திருச்சபையின் திருமணப் பதிவுகள் கிடைக்கின்றன. நிலமும் திருச்சபையும் தலைமுறைகளைத் தொடுத்தன. சதுரங்கப்பட்டினத்திலோ குடும்பத்தைக் கரையுடன் பிணைத்தது நிறுவனப் பணியே. பணி நீங்கியதும் ஆவணத் தொடர்ச்சியும் அறுபட்டது.

தாய்வழி மறைவு

சீர்திருத்தத் திருச்சபையில் திருமணம் நிகழ, மணமகள் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். அப்போது அவளுக்கு மரியா, கத்தரினா போன்ற புதுப்பெயர் இடப்பட்டது. பிறந்த பெயரும் பெற்றோர் பெயரும் பதிவிலிருந்து நீங்கின. 17ஆம் நூற்றாண்டில் நிறுவனம் சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளையும் கப்பலேற்றியது. நன்னம்பிக்கை முனை ஆவணங்களில் 'கொரமாண்டலைச் சேர்ந்த' என்னும் அடையே சிலருக்குக் குடும்பப்பெயராக நிற்கிறது. எனவே ஐரோப்பியப் பெயர் உடையோர் அனைவரையும் ஐரோப்பியர் வழியினர் எனக் கொள்வதும் பிழை. அத்தகைய பெயர் இல்லாதோர்க்கு அவ்வழித் தொடர்பே இல்லை என்பதும் பிழை.

ஒருவரின் வரலாறு நிலைபெற எழுத்து எவ்வளவு துணைசெய்கிறது என்பதற்கு யாக்கோப் ஹாஃப்னர் சான்று. 1754இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்த இவர், கப்பல் மருத்துவர் ஒருவரின் மகன். நாகப்பட்டினத்திலும் பின்னர் சதுரங்கப்பட்டினத்திலும் கணக்கராகப் பணியாற்றினார். 1781இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1808இல் வெளிவந்த பல்லக்குப் பயண நூலில் மாமல்லபுரத்தைப் பற்றியும் எழுதினார். இவருடைய வாழ்க்கையை விரிவாக அறிய முடிவதற்குக் காரணம், இவர் தம்மைப் பற்றித் தாமே எழுதியதாகும். அவ்வாய்ப்பு சாதாரணப் படைவீரனுக்கோ அவன் மனைவிக்கோ வாய்க்கவில்லை.

தாய்வழியை மீட்க, ஞானஸ்நானப் பதிவுகளில் ஞானப்பெற்றோராகவும் சாட்சியாகவும் நின்றவர்களின் பெயர்களைத் தொகுத்து ஒப்பிட வேண்டும். உயில்களில் மனைவியின் உறவினர்க்கு விடப்பட்ட பங்குகளையும், அடிமை விடுதலைப் பத்திரங்களையும் அவற்றுடன் பொருத்திக் காண வேண்டும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் டச்சு ஆவணங்களுள் பெரும்பகுதி கொச்சியைச் சார்ந்தது. சோழமண்டலப் பகுதி குறைவு. ஆகவே இலங்கைக்கும் செல்ல வேண்டியுள்ளது. கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகமும் வுல்ஃபெண்டால் திருச்சபைப் பதிவுகளும், 1908இல் தொடங்கப்பட்ட டச்சுப் பறங்கியர் சங்கத்தின் இதழில் வெளியான குடிவழிப் பட்டியல்களும் அங்குக் கிடைக்கும் முதன்மைச் சான்றுகள். அப்பட்டியல்களும் தந்தைவழியையே பெரிதும் தழுவியவை என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

கல்லறை பதவியைக் காக்க எழுந்தது. பேரேடு கடனைக் காக்க எழுந்தது. உயில் சொத்தைக் காக்க எழுந்தது. குடும்பத்தை முழுமையாகப் பதிவுசெய்யும் நோக்கம் இவற்றுள் எதற்கும் இல்லை. எனவே ஒவ்வொரு சான்றையும் அது எழுந்த நோக்கத்தோடு படித்து, மூன்றையும் இணைத்தே குடிவழியை அமைக்க வேண்டும். டச்சு மொழியறிவு பெற்ற தமிழ் ஆய்வாளர்கள் பெருகினால், சோழமண்டலக் கரைப் பெண்களின் பெயர்களை ஞானஸ்நானச் சாட்சிகள் வழியாகவும் உயில்கள் வழியாகவும் தேடும் பணி முன்னேறும். சதுரங்கப்பட்டினத்தின் குடும்ப வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பாதி அங்கேயே உள்ளது.