கினிப் பன்றிக்குக் கூண்டு வாங்கப் போகிறீர்களா?

போன பள்ளி விடுமுறையில், கிள்ளானில் இருக்கும் இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். மூன்று மாடிக் கூண்டு. ஏணி, சுழலும் சக்கரம் எல்லாம் இருந்தன. "டீச்சர், ரெண்டு கினிப் பன்றி வாங்கப் போறோம். இந்தக் கூண்டு போதுமா?" என்று கேட்டிருந்தாள். வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். அடுத்த நிமிடமே "ஏன் டீச்சர்?" என்று வந்தது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அது ஹாம்ஸ்டருக்கு ஏற்ற கூண்டு. கினிப் பன்றி ஏறி விளையாடும் பிராணி அல்ல. (அது பன்றியும் அல்ல, கினி நாட்டிலிருந்து வந்ததும் அல்ல. எலி, அணில் போலக் கொறிக்கும் பிராணி.) 20 முதல் 25 செ.மீ. நீளம், சுமார் ஒரு கிலோ எடை, குட்டைக் கால்கள். தரையில் ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியலாம். சக்கரத்தில் ஓடவிட்டால் முதுகெலும்பு தவறான பக்கம் வளைந்து காயப்படும். ஆகவே எத்தனை மாடி என்று எண்ணாதீர்கள். தரையின் பரப்பளவைக் கணக்கிடுங்கள்.

இரண்டு கினிப் பன்றிகளுக்குக் குறைந்தது 7.5 சதுர அடி தேவை என்பது விலங்கு நல அமைப்புகள் பரவலாகச் சொல்லும் அளவு. ஏறக்குறைய 7,000 சதுர செ.மீ. கடையில் கிடைக்கும் சிறிய கூண்டு ஒன்று 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் என்று வையுங்கள். பெருக்கினால் 2,400. தேவையில் மூன்றில் ஒரு பங்குதான்! வீட்டில் 60 செ.மீ. சதுர டைல் பதித்திருந்தால் வேலை இன்னும் சுலபம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டைல்களைப் பாருங்கள். 7,200 சதுர செ.மீ. அதற்குக் குறைந்த கூண்டு வேண்டாம்.

அடுத்தது தரை. இதில் நானே ஒரு தவறு செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் ஒரு ஜோடி வளர்த்தபோது, கழிவு கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது சுலபம் என்று கம்பித் தரை போட்ட கூண்டு வாங்கினேன். சில வாரங்களில் ஒன்று நடக்கவே தயங்கியது. தூக்கிப் பார்த்தால் பாதம் சிவந்து வீங்கியிருந்தது. அதன் பாதத்தில் ரோமம் இல்லை. உடல் எடை முழுவதும் மெல்லிய கம்பியின் மேல் இறங்குகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது தோன்றவில்லை! புண்ணாகி கிருமி புகுந்தால் எலும்புவரை போகும். கம்பித் தரையை எடுத்துவிட்டு, மருத்துவரிடம் காட்டியபின் குணமானது. சமதளத் தரையும் அதன்மேல் மெத்தென்ற விரிப்பும்தான் சரி.

நம் ஊரில் பெரிய சிக்கல் வெப்பம். கினிப் பன்றியின் முன்னோர்கள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தவை. குளிர்ச்சியான, உயரமான இடம். அதற்கு வசதியானது 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். 26-ஐத் தாண்டினால் கவனம் தேவை. கோலாலம்பூரிலோ பிற்பகலில் 32, 33 டிகிரி சர்வசாதாரணம்.

"மின்விசிறி போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். நமக்கு மின்விசிறி குளிர்ச்சி தருவது ஏன்? வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கினிப் பன்றிக்கு வியர்க்காது. நாயைப் போல மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கவும் அதற்குச் சரியாக வராது. அதன் உடல் வெப்பம் சுமார் 38, 39 டிகிரி. சுற்றியுள்ள காற்று 33 என்றால் வித்தியாசம் மிகக் குறைவு. வெப்பம் மெதுவாகத்தான் வெளியேறும். மின்விசிறி ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

அதனால் கூண்டின் நான்கு பக்கமும் காற்று புக வேண்டும். கண்ணாடித் தொட்டி கூடவே கூடாது. உள்ளே காற்று தேங்கி, வெயில் பட்டால் அடுப்பாகிவிடும். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா சிதைக்கும்போது வரும் அமோனியாவும் உள்ளேயே நிற்கும். உங்கள் மூக்கு விரிப்பிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதன் மூக்கு இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில். உங்களுக்கு நாற்றம் வரும் நேரத்தில் அதன் நுரையீரல் வெகுநேரமாக அவதிப்பட்டுக்கொண்டிருக்கும்.

கூண்டின் ஒரு மூலையில் வெறும் டைல் ஒன்றை வையுங்கள். சூடான நேரத்தில் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் பலர் பால்கனியில்தான் கூண்டை வைக்க நினைப்பார்கள். மேற்கு பார்த்த பால்கனி என்றால் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும். பூனை பயம் வேறு. வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

பெரிய கூண்டு விலை அதிகமாயிற்றே என்கிறீர்களா? நீங்களே செய்யலாம். 35 செ.மீ. சதுரக் கம்பித் தட்டிகள் வீட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. நீளவாக்கில் நான்கு, அகலவாக்கில் இரண்டு என்று நிற்கவைத்து, கேபிள் டை போட்டுக் கட்டினால் 140க்கு 70 செ.மீ. இடம். 9,800 சதுர செ.மீ.! அடியில் பிளாஸ்டிக் அட்டையை ஓரம் மடித்துப் போடுங்கள். கம்பி இடைவெளி குட்டியின் தலை நுழையாத அளவு சின்னதாக இருக்கட்டும்.

உள்ளே ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு பெட்டி வேண்டும். பெட்டிக்கு இரண்டு வாசல் வையுங்கள். ஒரே வாசல் என்றால், பலமானது மறித்து நிற்கும்போது மற்றது மாட்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள், அது கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் தனியாக வளர்ப்பது சட்டப்படியே தவறு. ஆணும் பெண்ணுமாக வாங்கினால் இரண்டரை மாதத்தில் கூண்டு போதாமல் போய்விடும். இரண்டு பெண்ணாக வாங்குவது நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால், கூண்டு வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். ஒரு வாரம், தினமும் பிற்பகல் 3 மணி அளவைக் குறித்து வையுங்கள். அந்த மாணவியும் செய்தாள். முன் அறையில் 32, தரைத்தளத்துப் பின் அறையில் 28. பின் அறையில் பகலில் குளிர்சாதனம் போட அப்பா ஒப்புக்கொண்டபிறகுதான் தட்டிகள் வாங்கினார்கள். உங்கள் வீட்டில் எல்லா அறையும் 30-க்கு மேலே இருந்து, குளிர்சாதனமும் இல்லையென்றால், கினிப் பன்றி வேண்டாம். மீன் வளர்க்கலாம்.