காரைத் தயாரித்துவிட்டார்கள், கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

2023ஆம் ஆண்டில் ஃபிஸ்கர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக ‘ஓஷன்’ என்ற மின்சாரக் கார்கள் 10,193 தயாரிக்கப்பட்டன. அதே ஆண்டில் வாங்கியவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தவை 4,929. பாதிக்கும் குறைவு. மிகுதிக் கார்கள் விற்கப்படாமலும் ஒப்படைக்கப்படாமலும் நிறுவனத்தின் கணக்கிலேயே நின்றன. 2024 ஜூன் மாதம் ஃபிஸ்கர் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

ஒரு கார் நிறுவனம் விழுந்தால், கார் சரியில்லை அல்லது வாங்க ஆளில்லை என்றுதான் முதலில் நினைப்போம். ஓஷன் காரின் மென்பொருளில் கோளாறுகள் இருந்தன. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு அதிகாரிகள் விசாரணைகளையும் ஆரம்பித்திருந்தார்கள். அவையும் காரணங்கள்தான். ஆனால், எனக்கு முக்கியமாகப் பட்டது மேலே சொன்ன இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி. தொழிற்சாலை வாசலிலிருந்து வாங்குபவரின் வீட்டு வாசல் வரையான அந்தத் தூரத்தில் எவ்வளவு பணம் கரைகிறது, அதை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதியை இலங்கை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. அதன் பிறகு, சில வருடங்களுக்கு முன்னர் நாம் கேள்விப்பட்டிராத பெயர்களில் மின்சாரக் கார்கள் காட்சியறைகளுக்கு வந்திருக்கின்றன. முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் என் நண்பர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்காவின் இந்த அனுபவம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முகவர் செய்யும் வேலை

பழைய கார் நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைப் பார்த்தால்தான் புதியவற்றின் சிக்கல் விளங்கும். அமெரிக்காவில் ஃபோர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் பொதுவாக நேரடியாக உங்களுக்குக் கார் விற்பதில்லை. முகவருக்கு விற்கின்றன. கார் முகவருக்கு அனுப்பப்படும்போதே நிறுவனத்தின் கணக்கில் அது விற்பனையாகப் பதிவாகிவிடும். முகவர் வங்கியிலோ அந்த நிறுவனத்தின் நிதிப் பிரிவிலோ கடன் எடுத்துப் பணத்தைக் கொடுப்பார். பின்னர் அந்தக் கார் அவரது முற்றத்தில் மூன்று மாதம் நின்றாலும் வட்டி அவர் தலையில்தான்.

முகவர் வெறும் இடைத்தரகர் அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவர் நிறுவனத்துக்குக் கடன் சுமக்கிறார். தரிப்பிடம் தருகிறார். காரைக் கழுவிச் சோதித்து, பதிவுப் பத்திரங்களைத் தயாரித்து, வாங்குபவரின் பழைய காரையும் பொறுப்பெடுக்கிறார். பிறகு பழுது பார்க்கிறார். இவற்றுக்குச் சேர்த்துத்தான் அவருக்கு இலாபம்.

டெஸ்லா, ரிவியன், லூசிட், ஃபிஸ்கர் ஆகிய புதிய நிறுவனங்கள் முகவர் இல்லாமல் இணையம் வழியாக நேரடியாக விற்கப் புறப்பட்டன. முகவரின் இலாபம் மிச்சம் என்பது கணக்கு. ஆனால், முகவர் போனதும் அவர் செய்த வேலைகள் எல்லாம் நிறுவனத்திடமே வந்து சேர்ந்தன. அவற்றில் மிகப் பாரமானது கடன். நேரடி விற்பனையில், வாங்குபவர் காரைப் பொறுப்பேற்கும் நாள் வரை அது விற்பனையே அல்ல. அதுவரை நிறுவனம் போட்ட பணம் காராக நின்றுகொண்டிருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 50,000 டொலர் பெறுமதியான கார் ஒன்று கப்பலிலும் முற்றத்திலுமாக 60 நாட்கள் நிற்கிறது. நிறுவனம் ஆண்டுக்கு 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறது. அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு காருக்கான வட்டி மட்டும் ஏறத்தாழ 820 டொலர். இப்படி 5,000 கார்கள் நின்றால் முடங்கிப்போன முதல் 25 கோடி டொலர். பெரிய நிறுவனத்துக்கு இது தாங்கக்கூடிய தொகை. புதிய நிறுவனத்துக்கு இது அடுத்த மாதச் சம்பளப் பணம்.

ஒரு லொறியில் எத்தனை கார்?

அடுத்தது ஏற்றிச் செல்லும் செலவு. அமெரிக்காவின் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளில் ஒரு பார ஊர்தியின் மொத்த எடை பொதுவாக 80,000 இறாத்தலைத் தாண்டக்கூடாது. அது ஏறத்தாழ 36 தொன். கார் ஏற்றும் லொறியின் வெற்று எடையே இதில் ஏறத்தாழப் பாதியை எடுத்துவிடும். மிஞ்சுவது 18 தொன் அளவு.

பெரிய மின்கலத்தைச் சுமப்பதால் மின்சாரக் கார்கள் அதே அளவுப் பெற்றோல் கார்களை விட எடை கூடியவை. டெஸ்லாவின் மொடல் 3 ஏறத்தாழ 1.8 தொன், எடைக் கணக்கில் பத்துக் கார்களை ஏற்றலாம். ஓஷன் ஏறத்தாழ 2.4 தொன், ஏழுதான் ஏற்றலாம். ரிவியனின் பிக்கப் 3 தொன்னுக்கும் மேல், ஐந்துடன் சரி. லொறியில் இடம் இருந்தாலும் எடை விடாது. ஆனால் சாரதியின் சம்பளமும் டீசலும் அப்படியே இருக்கும். ஆகவே ஒரு காருக்கான கூலி உயர்கிறது.

ரயிலில் அனுப்பினால் மலிவு. இரண்டு அல்லது மூன்று தட்டுகள் கொண்ட ஒரு பெட்டியில் பத்து முதல் பதினைந்து கார்கள் வரை ஏற்றலாம். ஆனால் ஒரு ரயிலை நிரப்பக் கார்கள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அங்கிருந்து மீண்டும் லொறி தேட வேண்டும். கூலி குறைய, நாட்கள் கூடுகின்றன. நாட்கள் கூடினால் மேலே சொன்ன வட்டி கூடுகிறது. மாதம் பல இலட்சம் கார் விற்கும் நிறுவனங்கள் லொறி, ரயில் கம்பனிகளுடன் நீண்டகால ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. புதிதாக வருபவர் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

டெஸ்லா பட்ட பாடு

இன்று உலகின் மிகப் பெறுமதியான கார் நிறுவனமாகப் பேசப்படும் டெஸ்லாவே இதில் மூச்சுத் திணறியது. 2018 செப்டெம்பரில், உற்பத்தி நரகத்திலிருந்து மீண்டு விநியோக நரகத்துக்குள் விழுந்துவிட்டோம் என்ற பொருளில் எலோன் மஸ்க் டுவிட்டரில் எழுதி, மன்னிப்பும் கேட்டார். கார் ஏற்றும் லொறிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு என்றும், தாங்களே அவற்றைக் கட்டத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். அந்தக் காலாண்டின் இறுதி நாட்களில், ஏற்கெனவே டெஸ்லா வைத்திருந்த உரிமையாளர்கள் சம்பளமின்றி வந்து, புதியவர்களுக்குக் காரை இயக்கக் காட்டிக்கொடுத்தார்கள்.

அவ்வாண்டு முடிவில் இன்னொரு நெருக்கடி. டெஸ்லா வாங்குபவருக்குக் கிடைத்துவந்த 7,500 டொலர் வரிச்சலுகை 2019 ஜனவரி முதலாம் திகதி பாதியாகக் குறையவிருந்தது. கார் டிசெம்பர் 31க்குள் கைக்கு வராவிட்டால் வாங்குபவருக்கு 3,750 டொலர் நட்டம். ஆகவே, டெஸ்லா லொறிச் சேவைகளை விலைக்கு வாங்கியும் ஒப்பந்தம் செய்தும், சில இடங்களுக்கு ரயிலைத் தவிர்த்தும் கார்களை அனுப்பியது.

2019இன் முதல் மூன்று மாதங்களில் கடல் குறுக்கே வந்தது. சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்திலிருந்து பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்துக்கும் சீனாவுக்கும் மொடல் 3 கார்களை முதல்முறையாகப் பெருமளவில் கப்பலேற்றினார்கள். அந்தக் காலாண்டில் தயாரித்தவை ஏறத்தாழ 77,100. ஒப்படைத்தவை ஏறத்தாழ 63,000. காலாண்டு முடிவில் 10,600 கார்கள் வழியில் நின்றன. காலாண்டு முடியப் பத்து நாட்கள் இருந்தபோது, மொத்தத்தில் பாதியைத்தான் ஒப்படைத்திருந்ததாக நிறுவனமே ஒத்துக்கொண்டது. அந்தக் காலாண்டின் நட்டம் 70 கோடி டொலருக்கும் அதிகம்.

டெஸ்லா தப்பியதற்குக் காரணம், அதற்கு முதலீட்டாளர்கள் தொடர்ந்து பணம் கொடுத்தார்கள். அதன் பின்னர் ஷங்ஹாயிலும் ஜெர்மனியிலும் தொழிற்சாலை கட்டியது. கார்களைத் தூரம் அனுப்புவதைக் குறைக்க, வாங்குபவர்களுக்குப் பக்கத்திலேயே தயாரிப்பது என்பதே அது கண்டுபிடித்த வழி.

ஃபிஸ்கர் ஏன் தப்பவில்லை?

ஃபிஸ்கருக்குச் சொந்தத் தொழிற்சாலையே இல்லை. டென்மார்க்கில் பிறந்த கார் வடிவமைப்பாளர் ஹென்ரிக் ஃபிஸ்கர் 2016இல் தொடங்கிய இந்த நிறுவனம், ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் உள்ள மக்னா நிறுவனத்திடம் கூலிக்குக் கார் செய்வித்தது. தொழிற்சாலை கட்டும் செலவு மிச்சம் என்று பலரும் இதைப் பாராட்டினார்கள். ஆனால் ஒஸ்திரியா கடலே இல்லாத நாடு. அமெரிக்காவில் வாங்குபவருக்கான ஒவ்வொரு காரும் முதலில் இன்னொரு நாட்டின் துறைமுகத்துக்குப் போக வேண்டும். பிறகு அத்திலாந்திக்கைக் கடக்க வேண்டும். பிறகு அமெரிக்க லொறி தேட வேண்டும். கடைசியில் ஒப்படைப்பு நிலையம் ஒன்று இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் படியில்தான் எல்லாம் தேங்கியது.

2023 டிசெம்பரில், 30 கோடி டொலருக்கு மேற்பட்ட முடங்கிய முதலை விடுவிப்பதற்காக உற்பத்தியைக் குறைப்பதாக ஃபிஸ்கர் அறிவித்தது. 2024 ஜனவரியில் நேரடி விற்பனைக் கொள்கையைக் கைவிட்டு முகவர்களைத் தேடத் தொடங்கியது. மார்ச் மாதம் உற்பத்தியை நிறுத்தியபோது, ஏறத்தாழ 4,700 கார்கள் கையிருப்பில் இருப்பதாகவும் அவற்றின் பெறுமதி 20 கோடி டொலருக்கு மேல் என்றும் சொன்னது. அவசரமாகக் கார்களை ஒப்படைத்த காலத்தில், வாங்கியவர்கள் கட்டிய பல மில்லியன் டொலர் பணத்துக்குச் சிறிது காலம் கணக்கே தெரியாமல் போனதாக ‘டெக்கிரஞ்ச்’ இணையத்தளம் அதே மாதம் செய்தி வெளியிட்டது. முகவரின் மேசையில் இருக்கும் கணக்கர் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

61,499 டொலருக்கு விற்ற கார் 37,499 டொலராகக் குறைக்கப்பட்டது. வங்குரோத்துக்குப் பின்னர், மிஞ்சிய 3,000க்கும் மேற்பட்ட கார்களை நியூயோர்க்கில் வாடகைக் கார் சாரதிகளுக்கு வாகனம் கொடுக்கும் நிறுவனம் ஒன்று வாங்க முன்வந்தது. மொத்த விலை அதிகபட்சம் 4.625 கோடி டொலர். சராசரியாக ஒரு காருக்கு ஏறத்தாழ 14,000 டொலர். ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கியவர்களோ, உதிரிப்பாகத்துக்கும் மென்பொருளுக்கும் வழி தேடித் தாங்களே சங்கம் அமைக்க வேண்டியதாயிற்று.

கூலி எந்தச் சீட்டில் எழுதப்படுகிறது?

அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் விலைச் சீட்டு ஒட்டப்பட வேண்டும். அதில் கொண்டுவந்த கூலி தனியாகக் காட்டப்பட வேண்டும். பக்கத்து ஊரில் பொருத்திய காருக்கும் டெட்ரொயிட்டிலிருந்து கொண்டுவந்த கூலியை வசூலிக்கும் பழக்கம் அன்று இருந்தது. இப்போது வழமையாக ஒரு மொடலுக்கு நாடு முழுவதும் ஒரே கூலி. தொழிற்சாலைக்கு அடுத்த தெருவில் இருப்பவரும் அதையே கட்டுகிறார். டெஸ்லா அண்மைய ஆண்டுகளில் விநியோகத்துக்கு 1,390 டொலரும் முன்பதிவுக்கு 250 டொலரும் அறவிட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் விலையில் இவை பெரும்பாலும் இல்லை.

இலங்கையில் கூலி இன்னொரு விதமாக மறைகிறது. நமது சுங்கம் வாகனத்தின் பெறுமதியைக் கணக்கிடும்போது காரின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. அப்பெறுமதியின் மேல் அறவிடப்படும் வரிகள் கப்பல் கூலியின் மேலும் விழுகின்றன. அம்பாந்தோட்டையில் பெரும் கார்க் கப்பல்கள் வந்து, வேறு நாடுகளுக்கான கார்களை இறக்கி மாற்றி ஏற்றுகின்றன. ஆனால் அதனால் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வாங்குபவருக்குக் கூலி குறைந்துவிடுவதில்லை.

தாமதத்தின் விலையையும் நாம் கண்டுவிட்டோம். இங்கே மின்சாரக் காருக்கான உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட் வலுவைப் பொறுத்தது. 2025இல் அந்த வலு எவ்வளவு என்ற சர்ச்சையில் சீன நிறுவனம் ஒன்றின் நூற்றுக்கணக்கான கார்களைச் சுங்கம் தடுத்து வைத்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. நடுவில் காத்திருந்தவர்கள் முற்பணம் கட்டியவர்கள்.

ஆகவே, முற்பணம் கட்டப் போகிறவர்கள் சில விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கொடுக்கப்படும் திகதி கார் துறைமுகத்துக்கு வரும் திகதியா, பதிவு முடிந்து கைக்கு வரும் திகதியா? இடையில் வரியோ டொலரின் விலையோ மாறினால் கூடுதல் தொகை யாருடையது? தாமதித்தால் முற்பணத்தைத் திரும்பப் பெற முடியுமா, எத்தனை நாட்களில்? உங்கள் மாவட்டத்தில் யார் பழுது பார்ப்பார்கள், உதிரிப்பாகங்கள் எங்கே இருக்கின்றன? காரின் மென்பொருள் தயாரிப்பாளரின் சேர்வரில் தங்கியிருந்தால், அந்த நிறுவனம் மூடப்படும் நாளில் என்ன நடக்கும்?

கடைசிக் கேள்வி மிகையாகத் தோன்றலாம். ஃபிஸ்கரின் மிஞ்சிய கார்களை வாங்க வந்த நியூயோர்க் நிறுவனத்துக்கும் இதுதான் நடந்தது. கார்களின் தகவல்களை ஃபிஸ்கருக்குச் சொந்தமில்லாத சேர்வருக்கு மாற்ற முடியாது என்ற விடயம், பேரம் பேசி முடித்த பின்னர்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சட்டத்தரணிகள் சூழ நீதிமன்றத்தில் வாங்கியவர்களுக்கே அந்த நிலை. காட்சியறையில் தனியாக நிற்கும் நாம், விலையைக் கேட்கும் முன்னர், அந்தக் கார் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதையாவது கேட்க வேண்டும்.