பழவேற்காட்டுப் படகு இன்ஜினும் அரை மில்லிமீட்டர் கணக்கும்

சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து, ஸ்ரீஹரிகோட்டா தீவினால் வங்கக் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, மணல் சேர்ந்து அடிக்கடி தூர்ந்துபோகும் முகத்துவாரத்தின் வழியே கடலோடு நீர் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. இடத்தையும் முறையையும் சுழற்சியாகப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறைப்படி ஏரிக்குள் வலையிடுவோரால், பெரும்பகுதி ஓர் ஆள் நின்று நடக்கும் ஆழமே உள்ள அந்நீரில் கோல் ஊன்றியோ பாய் கட்டியோ சென்றுவிட முடியும். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குச் செல்லும் குப்பங்களுக்கு அது போதாது. 2004 சுனாமிக்குப் பின்னர் இக்கரையில் பெருகிய ஃபைபர் படகுகளை உந்துவன சிறிய இன்ஜின்களே. உப்பு நீரிலும் மணலிலும் உழைத்துத் தேய்ந்த அவை மீண்டும் மீண்டும் பிரித்து, உதிரி பாகம் மாற்றி, பூட்டப்படுகின்றன. அவ்வாறு பூட்டிய இன்ஜின் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்ற எண்ணம் பொதுவாக உண்டு; அதை அதன் சுமைக்கேற்ப நுட்பமாகச் சரிக்கட்டுவதே கடினமான மறுபாதி என்பதை இயற்பியல் தெளிவாகக் காட்டுகிறது.

தமிழகக் கரையோரம் பழகிப்போன லம்பார்டினி வகை டீசல் இன்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1933இல் இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரில் தொடங்கிய லம்பார்டினி நிறுவனத்தின் வடிவமைப்பை இந்தியாவில் கிரீவ்ஸ் நிறுவனம் தயாரித்தது. ஊர்ச் சாலைகளில் மூட்டை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர டீசல் வண்டிகளை ஓட்டியதும் இதே குடும்பத்து இன்ஜின்தான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் செயல்படத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் சார்பில் 1980களில் கரையேறும் படகுகளை உருவாக்கியபோது, காற்றால் குளிரும் சிறிய டீசல் இன்ஜினையும், கரை நெருங்கும்போது மேலே தூக்கிவிடக்கூடிய ப்ரொப்பெல்லரையும் சேர்த்தே சோதித்தது. நீண்ட தண்டின் நுனியில் ப்ரொப்பெல்லர் பொருத்தி, இன்ஜினோடு சேர்த்துச் சாய்த்துத் தூக்கும் இன்றைய அமைப்புக்கும் அடிப்படைத் தேவை அதுவே: மணல் திட்டு வந்தால் விசிறி நீருக்கு மேலே வந்துவிட வேண்டும்.

இக்குடும்பத்தில் பரவலாக அறியப்பட்ட ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 68 மில்லிமீட்டர், கொள்ளளவு 395 கன சென்டிமீட்டர். டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 18இல் ஒரு பங்காக நெருக்குவதால் எழும் வெப்பமே, அதாவது 500 டிகிரி செல்சியசையும் தாண்டும் வெப்பமே, உள்ளே பீய்ச்சப்படும் எரிபொருளைப் பற்றவைக்கிறது. அந்த நெருக்கத்தில் காற்றுக்கு எஞ்சும் இடம் 23 கன சென்டிமீட்டர் அளவே. பழைய இன்ஜினைப் பூட்டும்போது சிலிண்டரின் அடியில் வைக்கும் ஷிம் என்னும் மெல்லிய தகடு அரை மில்லிமீட்டர் கூடிவிட்டால், அந்த இடம் ஏறக்குறைய 26 கன சென்டிமீட்டராக விரிந்து, நெருக்க விகிதம் 18இலிருந்து 16ஆக இறங்கிவிடும். அத்தகைய இன்ஜின், விடியலின் குளிரில் எளிதில் பற்றாமல், எரியாத டீசலை வெண்புகையாகக் கக்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும் என்பதால், ரிங் புதிதாக இருந்தும் கிளம்பாத இன்ஜினில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அத்தகட்டைத்தான்.

எரிபொருள் பகுதி இதைவிடவும் நுண்மையானது. முழுச்சுமையில் ஒரு வெடிப்புக்கு உள்ளே செல்லும் டீசல் 20 கன மில்லிமீட்டர் அளவுதான், ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. அதை ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் நாசில் எனப்படும் துளைமுனை வழியே புகையாகச் சிதறவைக்கும் பம்பின் உள்ளே, ஏறி இறங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. டீசலோடு தண்ணீர் கலந்தால் அப்பகுதி துருப்பிடிக்கிறது. மண்ணெண்ணெய் கலந்தால் அதை வழவழப்பாக வைக்கும் தன்மை எரிபொருளில் குறைகிறது. எனவே வடிகட்டியும் நீர் பிரிக்கும் கிண்ணமும் செலவு மிச்சப்படுத்த வேண்டிய இடங்கள் அல்ல.

அளவு சரியாக இருந்தால் போதாது, வேளையும் சரியாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடிதான் கிடைக்கிறது. சுழலும் கிராங்க் தண்டின் ஒரு டிகிரி என்பது ஒரு விநாடியில் 18,000இல் ஒரு பங்கு. சிதறிய டீசல் துளி ஆவியாகிக் காற்றோடு கலந்து பற்றிக்கொள்ள ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி பிடிப்பதால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு ஏறக்குறைய 20 டிகிரிக்கு முன்பே பீய்ச்சல் தொடங்குகிறது. பம்பின் அடியில் வைக்கும் மெல்லிய ஷிம்களைக் கூட்டியோ குறைத்தோ இந்த வேளையை மாற்றலாம். மிக முன்னதாகப் பீய்ச்சினால் ஒரேயடியாகப் பற்றி உலோகம் தட்டும் ஓசை எழுகிறது, தாங்கிகள் அடிபடுகின்றன. தாமதமானால் விசை குறைந்து, வெப்பம் பிஸ்டனைத் தள்ளாமல் புகைபோக்கியின் வழியே வெளியேறுகிறது. காது பழகியவர் இந்த வேறுபாட்டை அறிவார் என்பது உண்மையே. ஆனாலும் பம்புக்குரிய குறியைச் சக்கரத்தின் குறியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் காதை மட்டும் நம்புவது சரியல்ல. வால்வு இடைவெளியும் அப்படியே: குளிர்ந்த நிலையில் பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை விடப்படும் அதனை ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகட்டால் அளந்தே பொருத்த வேண்டும்.

இழுவை குறைந்தால், எரிபொருளின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகைத் தளர்த்திக் கூடுதல் டீசல் கொடுப்பது பல இடங்களிலும் காணப்படும் பழக்கம். அப்போது கிடைக்கும் கருப்புப் புகை, போதிய காற்று இல்லாமல் கரியாகிப்போன டீசலே ஆகும்; விசை ஓரளவு கூடினாலும், காசும் பிஸ்டனின் ஆயுளும் அதைவிட வேகமாகக் குறைகின்றன. இன்ஜினின் மசகு எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறி எரிவதற்கு நீலப் புகை அடையாளம். குளிர்விக்கும் காற்று கடந்து செல்லும் சிலிண்டர் துடுப்புகளில் கடல் சாரலின் உப்பு படிந்து அடைத்தால், மற்றெல்லாம் சரியாக இருந்தும் இன்ஜின் சூடேறும். கடல் விட்டு வந்ததும் இன்ஜின் ஆறியபின் நன்னீரால் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுவதைக் குப்பத்துப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனெனில் எந்த மெக்கானிக்கின் கைத்திறனும் அதற்கு மாற்றாகாது.

இன்ஜினை மேசைமேல் வைத்து எவ்வளவு சரிசெய்தாலும், அதன் உண்மையான எதிராளி ப்ரொப்பெல்லரே. நீரில் சுழலும் விசிறி கேட்கும் விசை, சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு உயர்கிறது: சுற்று 10 சதவீதம் குறைந்தால் தேவையான விசை 27 சதவீதம் குறைகிறது, 20 சதவீதம் குறைந்தால் ஏறத்தாழ பாதியே போதும். கரை ஓரத்து மணலில் மோதி முனை மடங்கிய விசிறியோ, படகுக்குப் பொருந்தாத அதிகச் சாய்வு கொண்ட விசிறியோ இருந்தால், நன்றாகப் பூட்டிய இன்ஜினும் தன் குறித்த சுற்றை எட்டாமல் திணறிக் கரும்புகை விடும். அந்நிலையில் பம்பைத் திருகுவது நோயை விட்டு அறிகுறியை மருந்துக்கு உட்படுத்துவதாகும். எனவே இறுதிச் சோதனை, வலையும் ஐஸ் பெட்டியும் ஆட்களும் ஏறிய படகில், அலைகுறைந்த முகத்துவாரத்துக்கு அப்பால், ஆக்சிலரேட்டரை முழுமையாகத் திறந்து சுற்றை அளப்பதாக இருக்க வேண்டும். குறித்த சுற்றை எட்டி, புகை மெல்லிய சாம்பல் நிறமாக மட்டும் தெரிந்தால் விசிறியும் இன்ஜினும் ஒத்துப்போகின்றன. சுற்று எளிதில் மீறிப் போனால் விசிறி சிறிது, எட்டவே இல்லை என்றால் பெரிது. ஃபைபர் படகின் நீர்க்கோட்டு நீளம் 9 மீட்டர் எனில், நீரின்மேல் எழுந்து செல்லாமல் அதைக் கிழித்துச் செல்லும் வேகத்துக்கு ஏறத்தாழ 7 நாட் எல்லை என்பதால், அதைத் தாண்டத் தள்ளும் டீசலில் பெரும்பகுதி அலை எழுப்பவே செலவாகிறது. ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தி ஓட்டும் மீனவர், கரை சேரும் நேரத்தில் சில நிமிடம் இழந்தாலும், தொட்டியில் கணிசமான அளவு மிச்சம் பிடிக்கிறார்.