ஜீன் கெட்டுப்போகவில்லை, பூட்டிக்கிடக்கிறது! இரைப்பைப் புற்றுநோயில் நடப்பது என்ன?

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒருநாள் அடிவாரத்திலேயே தடுப்பை இறக்கிப் பூட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாலையில் ஒரு கல்கூடப் பெயர்ந்திருக்காது. ஆனால், மேலே செம்மேட்டுக்கு பஸ்ஸும் போகாது, ஆம்புலன்ஸும் போகாது.

இரைப்பைப் புற்றுநோயில் சில முக்கியமான ஜீன்களுக்கு நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஜீன் முழுசாக இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

பூட்டு என்பது என்ன?

புற்றுநோய் என்றதும் 'ஜீனில் கோளாறு' என்பார்கள். டிஎன்ஏவின் எழுத்துகள் மாறிப்போவது ஒரு வகைக் கோளாறு. இன்னொரு வகையில் எழுத்து எதுவும் மாறாது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த 'மீத்தைல்' என்ற குட்டி மூலக்கூறுத் துணுக்கு, ஜீனின் தொடக்கப் பகுதியில் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் செல் அந்த ஜீனைப் படிக்கவே படிக்காது. இந்த மாதிரி மாற்றங்களைத்தான் 'எபிஜெனிடிக்' மாற்றம் என்கிறார்கள்.

இது நம் உடம்பில் இயல்பாகவே நடக்கிற வேலைதான். கண் செல்லுக்கும் இரைப்பை செல்லுக்கும் ஒரே டிஎன்ஏதான். தேவையில்லாத ஜீன்களைப் பூட்டி வைப்பதால்தான் இரண்டும் வேறு வேறாக இருக்கின்றன. பூட்டக்கூடாத ஜீனைப் பூட்டும்போதுதான் சிக்கல். செல் இரண்டாகப் பிரியும்போது பூட்டும் சேர்ந்தே நகலாகும் என்பது இன்னும் பெரிய சிக்கல்.

எந்த ஜீன்கள் மாட்டுகின்றன?

ஒன்று, சிடிஎச்1. இரைப்பையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசையைத் தயாரிக்கும் ஜீன் இது. 1998-இல் நியூசிலாந்தில் மாவோரி குடும்பம் ஒன்றை ஆராய்ந்தபோதுதான் இதன் முக்கியத்துவம் வெளியே வந்தது. அந்தக் குடும்பத்தில் பலர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். நம் ஒவ்வொருவருக்கும் இந்த ஜீனில் இரண்டு பிரதிகள் உண்டு. அவர்களுக்குப் பிறவியிலேயே ஒன்று பழுது. இந்த வகைப் பரம்பரைப் புற்றுநோயில், நல்லபடியாக இருக்கும் இரண்டாவது பிரதியைப் பல நேரங்களில் முடக்குவது மீத்தைல் பூட்டுதான் என்று பின்னர் தெரியவந்தது.

இன்னொன்று, எம்எல்எச்1. டிஎன்ஏ நகலாகும்போது வரும் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற ஜீன். இது பூட்டப்பட்டால் பிழைகள் குவியும். ஆனால், பிழைகள் குவிந்த கட்டியை நோய் எதிர்ப்பு மண்டலம் எளிதில் அடையாளம் காணும். அதனால் இந்த வகை நோயாளிகளுக்கு இம்யூனோதெரபி நன்றாகப் பலன் தருகிறது. பயாப்ஸியில் இதையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது சிகிச்சைக்கு உதவும்.

பூட்டுவது யார்?

முக்கியமான சந்தேக நபர், ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது.

இந்தக் கிருமி உள்ளவர்களின் இரைப்பையில், புற்றுநோய் வருவதற்கு முன்பே மீத்தைல் பூட்டுகள் அதிகமாக இருப்பதை ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிருமி கிளப்பிவிடும் நீண்டகால அழற்சிதான் காரணம். கிருமியை ஒழித்தால் பூட்டுகள் குறைகின்றன. ஆனால், எல்லாமே போய்விடுவதில்லை. எனவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் லாபம்.

அதற்காகப் பயப்பட வேண்டாம். இந்தியாவில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வராது. புகையிலை, அதிக உப்பு, மது, பரம்பரை இவையும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. நாட்டிலேயே இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம் மிசோரமில். சென்னை ஆண்களிடமும் இது பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிற புற்றுநோய்.

பூட்டைத் திறக்க மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. அசாசிட்டிடின், டெசிட்டபின் என்ற மருந்துகள் மீத்தைல் பூட்டைத் தளர்த்தும். சில ரத்த நோய்களுக்கு ஏற்கெனவே கொடுக்கிறார்கள். ஆனால், இவற்றுக்கு எந்தப் பூட்டு நல்லது, எது கெட்டது என்று தெரியாது. இரைப்பைப் புற்றுநோய்க்கு இவை இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

கொல்லிமலைக்குப் போனால் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்காமல் வர மாட்டோம். தாராளமாகக் குடிக்கலாம். ஆனால், 'கேன்சரையே கரைக்கும் மூலிகை' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். ஆய்வகத் தட்டில் செல்களை அழிக்கிற மூலிகைச் சாறுகள் ஏராளம். மனித இரைப்பையில் அது நடக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது.

நாம் என்ன செய்யலாம்?

'கேஸ் ட்ரபிள்தான்' என்று மாதக்கணக்கில் மெடிக்கல் ஷாப் மாத்திரையிலேயே ஓட்டுவதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. மாத்திரை வலியை அமுக்கிவிடும், நோய் உள்ளே வளரும். எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, கறுப்பாக மலம் போவது, காரணம் தெரியாத ரத்தசோகை இதில் ஏதாவது இருந்தால் எண்டோஸ்கோபி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு அதற்காக நாமக்கல்லோ சேலமோ இறங்க வேண்டியிருக்கலாம். அலைச்சல்தான், ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ தெரிந்துகொள்ளலாம். அசிடிட்டி மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம். கிருமி உறுதியானால் பொதுவாக இரண்டு வாரம் மாத்திரை. பாதியில் நிறுத்தாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, கிருமி போய்விட்டதா என்று இன்னொரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறிக்குக் காத்திருக்காமல் இப்போதே டாக்டரைப் பாருங்கள்.