மோட்டார்மேல் பழி, வயர்த்துண்டில் ஆபத்து

ஜனவரி பிறந்தால் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் வடக்கு இத்தாலியிலும் பெல்லட் அடுப்பு (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரிப்பது) வைத்திருக்கும் வீடுகளில் ஒரே புகார்தான்: தீ எரிகிறது, அறைக்குச் சூடு வரவில்லை. ப்ளோவர் சுற்றவில்லை, அல்லது சுற்றிச் சுற்றி நிற்கிறது. உடனே புது மோட்டாருக்கு ஆர்டர் போகிறது. பணத்தை அடுப்பில் போடுவதற்குச் சமம் அது. கெட்டுப்போனதாகக் கழற்றி வீசப்படும் மோட்டார்களில் பலவற்றுக்குத் தேவை ஒரு பிரஷ்ஷும் அரைமணி நேரப் பொறுமையும்தான்.

இந்த அடுப்பில் ப்ளோவர் இரண்டு. ஒன்று புகையை வெளியே இழுக்கிறது. மற்றது அறைக் காற்றைச் சூடான குழாய்களின்மேல் ஓட்டி அறைக்கே திருப்பி அனுப்புகிறது. புகார் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. பல மாடல்களில் அது பற்றவைத்தவுடன் சுற்றாது. அடுப்பின் உடல் சுமார் 110 முதல் 120 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடேறிய பிறகே ஸ்நாப் டிஸ்க் என்கிற சிறு வெப்ப ஸ்விட்ச் அதற்கு மின்சாரத்தை விடும். ஆகவே முதல் சில நிமிட மௌனம் பழுதே அல்ல. ஆறிய அடுப்பில் மீட்டர் வைத்து, இணைப்பு இல்லை என்று காட்டியதும் அந்த டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறார்கள். ஆறியிருக்கும்போது அது திறந்துதான் இருக்க வேண்டும். சூடான பிறகும் மூடவில்லையென்றால்தான் குறை. சிறிது நேரம் ஓடி, நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால் மோட்டாருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்: ப்ளோவர் சக்கரத்தின் இதழ்களில் தூசியும் நாய் பூனை முடியும் அப்பி, மோட்டார் கொதிக்கிறது. கிறீச்சிட்டால் பேரிங். கெப்பாசிட்டர் வைத்த மோட்டாராக இருந்து, கையால் தள்ளிவிட்டால் மட்டும் ஓடுகிறதென்றால், நம் வீட்டு சீலிங் ஃபேன் படுத்தும் அதே கெப்பாசிட்டர் பாடுதான். முழு வேகத்தில் நன்றாக ஓடி, குறைந்த வேகத்தில் மட்டும் திணறினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டையும் சந்தேகிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தாலே இவற்றில் பாதி தெரிந்துவிடும்.

பணம் வீணாவதுகூடப் பெரிதில்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ப்ளோவர் தளர்ந்தால் சூடு அறைக்குப் போகாமல் அடுப்பின் உடலிலேயே தேங்கும். தேங்கிய சூடு எல்லை மீறும்போது ஹை லிமிட் என்ற இன்னொரு டிஸ்க் பெல்லட் தள்ளும் திருகின் மோட்டாரை நிறுத்திவிடும். தீ தானாக அடங்கும். வீட்டுக்காரர் கண்ணுக்கோ “அடுப்பு அணைந்து அணைந்து போகிறது” என்பது மட்டுமே தெரியும். யாரோ சொல்லிக்கொடுத்தபடி ஒரு துண்டு வயரால் டிஸ்க்கின் இரு முனைகளையும் இணைக்கிறார். அடுப்பு ஓடத் தொடங்குகிறது. பழுது தீர்ந்துவிட்டதாக நிம்மதியாகத் தூங்கப் போகிறார். உண்மையில் பழுது அப்படியே இருக்கிறது, காவல் மட்டும் போய்விட்டது. மட்டுமீறிய சூட்டில் தீ திருகின் வழியே பின்னேறிப் பெல்லட் தொட்டி வரை போக வாய்ப்புண்டு. புகைப்பாதை இழுக்கிறதா என்று பார்க்கும் வாக்குவம் ஸ்விட்சுக்கும் இதே வயர் வைத்தியம் நடக்கிறது. அங்கே விளைவு கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அறைக்காற்று ப்ளோவரின் டிஸ்க்கை மட்டும் இணைத்தால் என்ன கெடுதல், காற்றுதானே ஓடும் என்று அனுபவஸ்தர்கள் கேட்கிறார்கள். சோதனைக்காக ஒரு நிமிடம் இணைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த டிஸ்க்குகளில் பல ஏறத்தாழ ஒரே உருவம், ஒரே அளவு. பொடி எழுத்தில் அச்சிட்ட எண்தான் பெரும்பாலும் வித்தியாசம். சாம்பல் படிந்த பின்புறத்தில், டார்ச் வெளிச்சத்தில், குளிரில் விறைத்த விரல்களோடு தேடுகிறவர் சரியானதைத்தான் தொடுவார் என்று எப்படி நம்புவது? சில மாடல்களில் அடுப்பு எரிகிறது என்பதைக் கட்டுப்பாட்டு போர்டுக்குச் சொல்வதும் ஒரு டிஸ்க்தான். அதை இணைத்துவிட்டால், தீ அணைந்த பிறகும் பெல்லட் கொட்டிக்கொண்டே இருக்கும்.

வெளியே உறைபனி, மெக்கானிக் வர வாரக்கணக்காகும், குழந்தைகள் நடுங்கும்போது விதி பேசாதே என்பதுதான் வலுவான மறுப்பு. அந்தத் தவிப்பு நிஜம். ஆனால் டிஸ்க் அந்த அடுப்பிலேயே மலிவான பாகங்களில் ஒன்று. செப்டம்பரில் ப்ளோவர் சக்கரத்தைத் துடைக்கும்போதே அதே எண்ணுள்ள இரண்டு டிஸ்க்கை வாங்கி மேசை இழுப்பில் போட்டுவைக்கலாம். அதுவும் இல்லாத இரவில், அடுப்பை ஆறவிட்டு மின்ஹீட்டரை வைத்துக்கொண்டு ஓர் அறையில் எல்லோரும் படுப்பது வசதிக்குறைவுதான். வயர்த்துண்டை நம்பித் தூங்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம்கூட இல்லையென்றால், எழுப்புவதற்கு ஆளே கிடையாது.